ஏற்காட்டுக்காரி பூத்துவிட்டாள், கனகா

என் கனகாவுக்கு,

முதலில் ஒரு பேச்சைத் திருத்திவிடுகிறேன். உன் செடியை நான் அமுக்கிக்கொண்டேன் என்று கள்ளக்குறிச்சியில் நம் உறவுக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி சொன்னாள்: "செத்துப்போன நாத்தனாரோட பொருளு. அவ பொண்ணு வாய் வுட்டுக் கேட்டும் குடுக்கலியாமே!" நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அவசரமாக அப்பளத்தை நொறுக்கினாள். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. ஊருக்கு அது இன்னும் தெரியவில்லை.

கொடுக்கவில்லை என்பது உண்மை. அமுக்கிக்கொண்டேன் என்பது பொய். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் கள்ளக்குறிச்சி வாசகர் வட்டம் அச்சிடும் மலருக்கு அனுப்புகிறேன்.

அதற்கு முன் நல்ல செய்தி. உன் அசேலியா பூத்துவிட்டது!

இந்தத் தை மாதத்தில் ஒருநாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலை கத்தினாள். என் வீட்டு வேலைக்குத் துணையாக வருகிற அதே அஞ்சலைதான், உனக்குத் தெரியும். "அம்மா, ஓடியாங்க! ஏற்காட்டுக்காரி வாயத் தொறந்துட்டா!" பாதிப் பின்னலோடு வாசலுக்கு ஓடினேன். தலை வாராமல் நான் வாசலுக்கு வந்ததை உன் அண்ணன் கூடப் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

ஒரே ஒரு பூ. கசக்கி விரித்த ரோஸ் நிறப் பட்டுத்துணி போல இருந்தது. உள்ளே நீளமாக மெல்லிய நூல்கள். பத்து நாளில் செடி முழுவதும் அப்படி ஆகிவிட்டது. இலை தெரியவில்லை, கனகா. நாற்பத்தொரு பூ. அஞ்சலை எண்ணியதில் முப்பத்தெட்டுதான் வந்தது. அவளை மறுபடி எண்ணச் சொன்னேன்.

இது எப்படி என் வாசலுக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கனகா என் கணவரின் தங்கை. கள்ளக்குறிச்சியில் இருந்தாள். ஒருமுறை ஏற்காடு போனபோது அங்கே ஒரு நர்சரியில் பூவோடு நின்ற இந்தச் செடியைப் பார்த்து, அதை விட்டு நகரமாட்டேன் என்று நின்றாள். நர்சரிக்காரர், "இது குளிர்ல வளர்றது, கீழ எடுத்துக்கினு போனா தாங்காது" என்றார். கேட்டாளா? வாங்கிவந்து தன் வீட்டு மாடிப்படியில் வைத்தாள். சித்திரை வெயில் வந்ததும் இலைகள் ஓரத்தில் கருகின. உடனே ஒரு பழைய எண்ணெய் டின்னில் அதை நட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மலைப் பேருந்து ஏறி வெள்ளிமலைக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அண்ணி, இவ ஏற்காட்டுக்காரி. குளுரு இருக்கற எடத்துல தான் இருப்பா. இவள அழகு பண்ணாதீங்க. டின்னுலயே கெடக்கட்டும். நீங்க எதப் பாத்தாலும் சீவி முடிச்சிப் பொட்டு வெச்சிடுவீங்க."

நான் கோபித்துக்கொண்டேன். நீ சிரித்தாய். உன்மேல் எனக்கு ஒரு முழு நாள் கோபம் நின்றதுண்டா?

அந்த டின்னில் மூன்று வருடம் அது பூத்தது. ஒவ்வொரு தையிலும் நீ மேலே வந்து பார்த்துவிட்டுப் போனாய். பிறகு நீ போய்விட்டாய். டின்னும் துருப்பிடித்து ஓரத்தில் உடைந்தது. அதற்குப் பின் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் படித்த கான்வென்ட்டில் கேட்டிலிருந்து சிற்றாலயம் வரை இரண்டு பக்கமும் தொட்டிகள் இருக்கும். எல்லாம் ஒரே உயரம். எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வெள்ளை, கழுத்தில் ஒரு காவிப் பட்டை. அந்த வரிசையைப் பார்த்தாலே எனக்கு முதுகு நிமிரும். என் வாசலிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உன் செடிக்காகப் பெரிய சிமெண்டுத் தொட்டி வாங்கினேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, மிச்சச் சுண்ணாம்பைத் தொட்டிகளுக்கும் அடிக்கச் சொன்னேன். வெளியே மட்டுமல்ல, உள்விளிம்பிலும். உள்ளே சிமெண்டு தெரிந்தால் அசிங்கம் என்று நான்தான் சொன்னேன்.

மூன்று மாதத்தில் இலை மஞ்சளாகியது. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மொட்டு வைக்கவில்லை. சாணம் போட்டேன், சாம்பல் போட்டேன், இன்னும் மஞ்சளாகியது. குழாய்த் தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். அஞ்சலை தண்ணீர் ஊற்றும் நேரம் சரியில்லை என்று அவளைத் திட்டினேன். ஒரு வருடம் இப்படியே போயிற்று.

அடுத்த பொங்கல் வந்தது. அஞ்சலை வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, செடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாம்மா, காமாலை வந்த மாரி நிக்குது. இதுக்கும் அடிக்கட்டுமா?"

"எல்லாத்துக்கும் அடிக்கிறதுதானே வழக்கம்?"

"வெத்தலைல சுண்ணாம்பு ஜாஸ்தியாப் பூட்டா நாக்கு வெந்துடும்லம்மா? இதுக்கு வேரு வெந்துக்கினு கீதோ இன்னாவோ. போன பொங்கலுக்கு அடிச்சதுலேந்து தான் இது இப்டி ஆச்சி."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்ன தெரியும், வேலையைப் பார்" என்றேன். அவள் வாயில் கிடந்த வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஆனால் உன் செடிக்கு மட்டும் அவள் அடிக்கவில்லை. அடி என்று நானும் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம்தான் உன் மகள் தேன்மொழி போன் செய்தாள். கள்ளக்குறிச்சியில் புது வீடு கட்டி முடித்திருந்தாள். "அத்தை, வர்ற வெள்ளிக்கிழம பால் காய்ச்சறோம். அம்மா செடிய எடுத்துக்கினு வர்றீங்களா? அம்மாவே வந்த மாரி இருக்கும்."

"இப்ப முடியாதும்மா."

"ஒரு நாளு தான் அத்தை. ஏன்?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், "உன் அம்மா வேண்டாம் என்றதை நான் செய்தேன், செடி சாகக் கிடக்கிறது" என்று அவளிடம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரவில்லை. "முடியாதுன்னா முடியாது" என்றேன். "சரி, நீங்களே வெச்சிக்கோங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

பால் காய்ச்சிய அன்று போனேன். வெள்ளிக் குத்துவிளக்கு கொண்டுபோனேன். "வாங்க" என்றாள். பந்தியில் பாயசம் இரண்டாம் முறை ஊற்றினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். அத்தை என்று மட்டும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வருடம், கனகா. நான் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. அப்படிப்பட்டவளுக்குச் சாகக் கிடக்கிற செடியை எப்படிக் காட்டுவது? காட்டாமல் எப்படி இருப்பது?

அன்று மலையேறி வந்ததும் புடவை கூட மாற்றவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டேன். "நீ சொன்னதுதான் சரி. சுண்ணாம்புதான். தப்பு என்னுடையது" என்றேன். இந்த மூன்று வாக்கியங்களை நான் வாழ்க்கையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்? உன் அண்ணன் இருந்திருந்தால் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பார்.

அஞ்சலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது போவட்டும்மா. ஒரு கவுளி வெத்தலை வாங்கிக் குடுத்துடுங்க, சரியாப் பூடும்" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தோம். இதன் வேர் தலைமுடி மாதிரி, கனகா. அவ்வளவு மெல்லிசு. ஆழமாகவும் போவதில்லை, மேலாகவே படர்கிறது. ஓரத்து வேரெல்லாம் கறுத்திருந்தது. பழைய மண்ணை விரலால் உதிர்த்தோம். பலாமரத்தடியில் வருடக்கணக்காக மக்கிக் கிடந்த இலை மண்ணை அஞ்சலை கூடையில் அள்ளிவந்தாள். அதோடு தேங்காய் நார்த்தூள் கலந்து, வெறும் மண்தொட்டியில், முன்பு இருந்த மட்டத்துக்கு மேல் ஒரு விரல் கூடப் புதைக்காமல் நட்டோம். சாம்பல் கிடையாது. காலை வெயில் மட்டும் படும்படி, வாசல் தொட்டி வரிசையின் நடுவில், கிழக்குச் சுவரோரம் வைத்தோம்.

தண்ணீர்தான் பெரிய பாடு. எங்கள் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீர் வேண்டும். மாடியிலிருந்து குழாய் வழியாக இறங்குவதைப் பிடிக்கலாம் என்றாள் அஞ்சலை. மாடித் தளமே சுண்ணாம்புதானே! வேண்டாம் என்றேன்.

சித்திரைக் கடைசியில் மலையில் ஒரு மழை பிடித்தது பார். வீட்டிலுள்ள அண்டா, குண்டான், தவலை, என் சீர்வரிசைப் பித்தளைக் குடம், எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுபோனோம். நான் நனைந்தேன். அஞ்சலை நனைந்தாள். "அம்மா, நீங்க உள்ள போங்க, சளி புடிக்கும்!" "நீ அந்தத் தவலையை நேராக வை, சாய்ந்திருக்கிறது!" எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "இன்னாக்கா, குழாய்ல தண்ணி வரலியா?" என்று கேட்டார். "வருகிறது" என்றேன். வேறு என்ன சொல்வது? அஞ்சலை சிரித்ததில் கையிலிருந்த குண்டானைப் போட்டுவிட்டாள். அந்த நெளிசல் இன்னும் இருக்கிறது. நான் சொல்லிக்காட்டுவதில்லை.

ஆடியில் நுனியில் ஒரு பச்சை இலை வந்தது. ஐப்பசி மழைக்குள் செடி முழுக்கப் பச்சை. கிளை ஒன்று கோணலாக நீண்டு என்னைப் படுத்தியது. கத்தரியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நுனியைத் தொட்டால் பிசுபிசுவென்று பழுப்பாக ஒரு மொட்டு. வெட்டியிருந்தால் இந்த வருடப் பூவை வெட்டியிருப்பேன். கத்தரியை அஞ்சலையிடம் கொடுத்து, பூ முடிகிற வரை என் கண்ணில் படாமல் வை என்றேன். இன்றுவரை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

இப்போது வாசலில் எல்லாத் தொட்டிகளும் வெள்ளையும் காவியுமாக நிற்கின்றன. நடுவில் உன் மண்தொட்டி மட்டும் சீருடை போடாமல் வந்த பிள்ளை மாதிரி, கோணல் கிளையோடு, பாசி படிந்து நிற்கிறது. வருகிறவர்கள் அதை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நேற்று பேருந்து நிற்குமிடத்துக்குப் போய்க் கண்டக்டரிடம் முன்கூட்டியே விசாரித்தேன்.

"செடியை ஏற்றலாமா?"

"தொட்டியோடவாம்மா?"

"தொட்டியோடுதான்."

"பொம்பளைங்களுக்குத் தான் ஃப்ரீ. செடிக்கு லக்கேஜ் போடணும்."

"அவள் பெயர் ஏற்காட்டுக்காரி" என்றேன்.

அவர் யோசித்தார். "அப்ப ஜன்னல் சீட்டுல உக்கார வெய்ங்க. வளைவுல வாந்தி எடுத்தா நான் பொறுப்பில்ல."

கனகா, இதைக் கேட்க நீ இல்லையே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் நடுரோட்டில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் கால் நடக்கிறவரை, ஒவ்வொரு தையிலும் பூ விரிந்ததும் செடியை உன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோவேன். கீழே குளிர் இருக்கும் பதினைந்து நாள் அது அங்கே இருக்கும். மாசி வெயில் ஏறுவதற்குள் மேலே அழைத்துவருவேன். உன் மகளுக்கு அது வேண்டும். செடிக்கு மலை வேண்டும். இரண்டையும் சேர்த்து நடத்த எனக்குத் தெரிந்த வழி இதுதான். அவள் வேறு வழி சொன்னாலும் கேட்பேன். கேட்பேன் என்று நான் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
சரோஜா
வெள்ளிமலை

தேன்மொழிக்கு: இந்த மலருக்குப் பிழை திருத்துகிறவள் நீ என்று எனக்குத் தெரியும். ஆகவே ஊருக்கு முன்னால் இது உன் கைக்குத்தான் வரும், நீ படிக்காமல் தள்ளிவைக்கவும் முடியாது. அன்று நீ "ஏன்?" என்று கேட்டதற்கு இது பதில். அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. பூ இன்னும் மூன்று வாரம் நிற்கும். போனில் வேண்டாம், யார் வழியாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம். எந்த நாள் வரலாம் என்று ஒரு கார்டில் உன் கையால் எழுதி அனுப்பு.