பிறந்த வீட்டுக் கோடி

ஆவணி 5, வியாழன்

வானம் மூடல். மழை இல்லை. புழுதி விதைப்பு முடிந்தது. டிராக்டர்காரர் மூலையை விட்டுவிட்டார், அங்கே கையால் தெளித்தேன். வாங்க வேண்டியவை: தவிடு, கொசுவத்தி, சார்ஜர்.

ஃபோனில் விவசாய விவாதக் குழுவில் விதைத்த படம் போட்டேன். கடைமடைக்குத் தண்ணீர் வரும்வரை நாற்றங்காலுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக விதைக்கலாம் என்று எழுதினேன். அவ்வளவுதான். சிங்கப் படம் வைத்திருக்கும் ஒருவர்: "புருஷன் குவைத் காசுல விளையாடாதீங்கம்மா. கோரை மண்டிடும். அடுப்புல சோறு குழையாமப் பாத்துக்குங்க, போதும்." கீழே வரிசையாகச் சிரிப்புகள்.

"உங்க வயல் எந்த ஊர்ல? ஒரு படம் போடுங்க" என்று கேட்டேன். அதோடு ஆள் நழுவிவிட்டார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஆவணி 6, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் கரண்ட் இல்லை. சார்ஜ் போன ஃபோனை வீட்டில் போட்டுவிட்டு வரப்பு வெட்டப் போனேன். மதியம் மண்வெட்டியோடு திரும்பினால் வாசலில் அண்ணனும் அண்ணியும். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அப்போதுதான் வந்திருக்கிறார்கள். அண்ணன் கையில் ரோஜா மாலை, ஒரு துணிக்கடைப் பை. அண்ணி பூட்டிய கதவைப் பார்த்து மாரில் அடித்துக்கொள்கிறாள். "ஆஸ்பத்திரியிலேருந்து இன்னும் கொண்டாரலயா?"

"அண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?" பின்னாலிருந்து நான்.

திரும்பியவர் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அண்ணன் ஃபோனில் கண்ணீர் அஞ்சலி. என் படம், இரண்டு பக்கமும் விளக்கு, என் பெயர், ஊர். 'இன்று காலை இயற்கை எய்தினார்.'

கரண்ட் வந்ததும் குழுவில் தேடினேன். அசல் அங்கே இருந்தது. போட்டது சிங்கம். அடியில் சின்ன எழுத்தில்: 'இவண், துயரத்தில் வாடும் கோரைப் புற்கள்.' வேடிக்கையாம். யாரோ அந்த வரியை வெட்டிவிட்டு அனுப்ப, ஊர் சுற்றி அண்ணனிடம் போயிருக்கிறது.

பையில் கோடிப் புடவை. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துவது. அரக்கு, பச்சைக் கரை. எந்தத் தீபாவளிக்கும் அண்ணன் இவ்வளவு நல்ல புடவை எடுத்ததில்லை.

"இத எங்க வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது," அண்ணி சொன்னாள். "நீயும் உள்ள வைக்காத. வாய்க்கால்ல விட்டுரு."

மனசு வரவில்லை. மாட்டுக்கொட்டகையில் மாட்டி வைத்தேன். சாயங்காலம் நல்ல மழை.

ஆவணி 7, சனி

நேற்று ராத்திரி குவைத்திலிருந்து அவர் பேசினார். நேற்று அதை எழுத முடியவில்லை. அவருக்கும் அந்தப் படம் போயிருக்கிறது. பகல் முழுக்க என் ஃபோன் கிடைக்கவில்லை. டிக்கெட்டுக்கு மேஸ்திரியிடம் கெஞ்சியிருக்கிறார்.

"நீதானா? வீடியோவுல வா." முகத்தைப் பார்த்ததும் அழுதார். இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. பிறகு, "அந்தக் குழுவ விட்டு வெளிய வா, ராணி."

"சரிங்க, பாக்குறேன்" என்றேன். செத்ததும் நான், வெளியேறுவதும் நானா? எனக்கு விதைப்பைப் பற்றிக் கேட்க வேறு இடம் ஏது.

குழுவில் எனக்கு வந்த இரங்கல்கள்:
– 'ஈடு செய்ய முடியாத இழப்பு.' (போன மாதம் என்னை வாயாடி என்றவர்.)
– 'துணிச்சலான பெண் விவசாயி.' (என்னை நீக்கச் சொன்னவர்.)
– 'அவங்க வீட்ல விதைநெல் மீதி இருக்குமா?'

'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று எழுதினேன். ஒருவர் உடனே: 'அப்ப கோரைக்கு என்ன மருந்துன்னு சொல்லுங்க.' அட்மின்: 'இரு தரப்பும் அமைதி காக்கவும்.'

இரு தரப்பா? நான் எந்தத் தரப்பு, செத்த தரப்பா? இவர்களில் பாதிப் பேர் மன்னார்குடியில் பார்த்தால் "வாங்க, உக்காருங்க" என்று டீ சொல்வார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

சிங்கம் ஃபோன் செய்தது. விதைநெல் விற்கக் குழுவில் நான் போட்டிருந்த நம்பருக்கு. இளவயதுக் குரல், மரியாதையான குரல். சென்னையில் வேலையாம், வயல் கிடையாதாம்.

"சும்மா ஜாலிக்குத்தான்க்கா போட்டேன். கட் பண்ணி அனுப்புனது நான் இல்ல."

"உங்க அம்மா படத்த வெச்சு அப்படி ஒண்ணு செஞ்சு பாருங்க தம்பி."

"அம்மாவயெல்லாம் இழுக்காதீங்க." வைத்துவிட்டான்.

நேரில் வந்திருந்தால் மோர் கொடுத்திருப்பேன். அப்படி ஒரு குரல்.

ஆவணி 12, வியாழன்

வெயில். விதைத்தது முளைத்துவிட்டது. கோடு போட்டாற்போல் பச்சை. கையால் தெளித்த மூலை மட்டும் கன்னாபின்னா.

குழுவை விடுவதா இருப்பதா என்று நாலு நாளாக யோசனை. இன்று குளித்துவிட்டு, கொட்டகையிலிருந்த கோடியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வயல் மல்லிகா படம் பிடித்தாள். "அக்கா, வேணாங்க்கா, பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் பிடித்தாள்.

குழுவில் போட்டேன். 'முளைத்துவிட்டது. சந்தேகம் இருப்பவர்கள் வயலுக்கு வரலாம். நான் கட்டியிருப்பது, இங்கே வந்த அஞ்சலியைப் பார்த்து என் அண்ணன் என் பிணத்துக்குக் கொண்டுவந்த கோடி.'

முதலில் வந்தது ஒரு கேள்வி: 'ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை போட்டீங்க?' சொன்னேன். இருக்கப்போகிறேன்.

யாரோ அண்ணனுக்கும் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். கூப்பிட்டார்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"இனிமே யாரு வந்து சொன்னாலும் நான் கிளம்ப மாட்டேன், ராணி. நீயே கூப்பிட்டுச் சொன்னாத்தான் வருவேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. சரிண்ணே, என்றேன்.