பங்குக்கு வந்த தலை

மடுமாதா துணை

மோர்டன், லண்டன்
குருத்தோலை ஞாயிறு, 31.3.1996

அன்புள்ள மருமகன் பீற்றருக்கு,

மாமி மரியநாயகி எழுதிக்கொள்ளுறது. நானும் மாமாவும் மாதாவின்ரை தயவிலை இருக்கிறம். அங்கை டெவனிலை நீ, உன்ரை மனிசி ஜூலி, அவளின்ரை தகப்பன், மாடு கண்டு எல்லாரும் சுகமாய் இருக்கவேணுமெண்டு செபமாலையிலை பத்து மணி உங்களுக்கெண்டே உருட்டுறன்.

இண்டைக்குப் பூசை முடிய அஞ்சலீனா வந்து, "அக்கா, வாற ஞாயிறு பாஸ்குக்கு இறைச்சிப் பங்கு எங்களுக்கு வேண்டாம், பீற்றரிட்டைச் சொல்லிவிடுங்கோ" எண்டாள். செபமாலைமுத்து அண்ணையும் வேண்டாமாம். மாட்டு மூளை வருத்தம் மனிசருக்கும் வருகுதெண்டு ரீவியிலை சொன்ன நாளிலையிருந்து சனம் இறைச்சிக்கடைப் பக்கம் திரும்பியும் பாக்குதில்லை. நான் உன்னை விட்டுக்குடுக்கேல்லை. "எங்கடை பிள்ளையின்ரை மாடுகள் புல்லு மட்டும்தான் தின்னுறது" எண்டு கோயில் வாசலிலை நிண்டு சண்டை பிடிச்சனான். "ஏன், நீங்களும் கூட நிண்டு மேய்ஞ்சனீங்களோ?" எண்டு கேக்கிறாள். வாய்க்காரி.

நான் கண்ணாலை கண்டதுதானே. எண்பத்தெட்டு ஆவணியிலை நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனீ. ஜூலியின்ரை தகப்பன் ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கண்டு தாயோடையே நிக்கும், பால் முழுக்கக் கண்டுக்குத்தான், மாரிக்கும் வெட்டி வைச்ச புல்லுத்தான், மூட்டைத்தீனி வாசலுக்கும் வராது எண்டு நீ தமிழிலை விளங்கப்படுத்தினாய். அவரின்ரை பாட்டன் காலத்துப் பட்டி. எல்லாம் சிவப்பு மாடு. அதுக்குள்ளை ஒண்டு மட்டும் கறுப்பும் வெள்ளையும். அது மற்றதுகளோடை மேயாமல் படலையிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டது. நடக்கேக்கை, தண்ணிக்குள்ளை நடக்கிறமாதிரிக் காலை உயத்தி உயத்தி வைச்சது. என்னெண்டு கேக்க, அது கூச்சக்காரி எண்டு சொல்லி அவர் சிரிச்சார்.

அந்த மார்கழி நத்தாருக்குத்தான் உங்கடை முதல் பங்கு வந்தது. இறைச்சி, ஈரல், குடல், எலும்பு, மூளை எல்லாத்திலையும் கொஞ்சம் கொஞ்சம் வைச்சு வீட்டுக்கு வீடு கூறு போட்டால்தானே பங்கு. ஜூலியின்ரை தகப்பன் தலையை எறியப் போக, மாமா போனிலை, "தலையில்லாமல் பங்கு போட நாங்கள் என்ன வெள்ளைக்காரரோ? கொண்டா இஞ்சை" எண்டு சத்தம் போட்டவர். நீயும் சாக்கிலை சுத்திக் கொண்டுவந்தாய். குளிக்கிற தொட்டிக்குள்ளை வைச்சு மாமா தோலுரிச்சவர். மற்ற வீட்டுக்காரர் லண்டனுக்கு வந்து நாகரிகமாகிப் போச்சினம், மூளை வேண்டாமெண்டிட்டினம். முழுக்க மாமாதான் மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டவர். அடுத்த வருசம் மூளை, முள்ளந்தண்டு நரம்பு எல்லாம் விக்கக்கூடாதெண்டு அரசாங்கம் தடுத்துப்போட்டுது. நீயும் பேந்து தலை அனுப்பேல்லை.

தொட்டி ஓட்டையை அடைச்ச மயிரை அண்டைக்கு நான்தான் தோண்டி எடுத்தனான். கறுப்பும் வெள்ளையுமாய் இருந்தது. இவ்வளவு நாளும் அது என்ரை ஞாபகத்திலையே இல்லை. போன கிழமை ரீவியிலை உந்த வருத்தம் வந்த ஒரு மாட்டைக் காட்டினவை. அதுவும் காலை உயத்தி உயத்தித்தான் வைச்சது.

மாமாவுக்குத் தை மாதம் துவக்கம் ஒருமாதிரி. கால் எரியுதெண்டுவார். சும்மா இருந்து அழுவார். போன வியாழன் ஸ்ரேசனிலை இறங்கி, இவ்வளவு வருசமும் நடந்துவந்த வழி தெரியாமல் நிண்டவரைச் செபமாலைமுத்து அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்தவர். "என்ன மச்சான், ஸ்ரேசனுக்குக் காவலோ?" எண்டு அவர் பகிடி விட, மாமாவும் சிரிச்சவர். சிரிக்கேக்கை கையிலை இருந்த செபமாலை நழுவி விழுந்தது. காலடியிலை கிடந்ததை எடுக்கத் தடவித் தடவித் தேடினவர். வயசு, யோசனை எண்டு சொல்லி டொக்டர் டூட்டிங் ஆசுப்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கிறார். சித்திரை முடியத்தான் வரச்சொல்லியிருக்கினம்.

மாட்டுக் கதையை நான் டொக்டருக்கும் சொல்லேல்லை, மாமாவுக்கும் சொல்லேல்லை. ரீவியிலை அந்தச் செய்தி வந்தால் முன்னாலை போய் நிண்டு தூசி துடைக்கிறன். இண்டைக்கும் அவர், "இந்தமுறையெண்டாலும் தலை அனுப்பச் சொல்லு" எண்டு கேட்டவர்.

தம்பி, நான் கேக்கிறது ஒண்டுதான். அந்தக் கறுப்பு வெள்ளை மாடு உங்கடை பட்டியிலை பிறந்ததோ, பால்பண்ணைக்காரரிட்டை வாங்கினதோ? பால்மாடுகளுக்குத்தான் செத்த மாட்டை அரைச்சுத் தீனியிலை கலந்து குடுத்தவையாம், அதாலைதான் உந்த வருத்தமாம். அங்கையே பிறந்ததெண்டால் தாய்ப்பாலும் புல்லும்தானே. ஜூலியின்ரை தகப்பனைப் பக்குவமாய்க் கேள். நல்ல மனிசன், மனம் நோகும்.

பதில் கடிதம் போடாதை. தபால் வந்தால் மாமாதான் முதல் போய் எடுக்கிறது, உன்ரை எழுத்தைக் கண்டால் உடைச்சு வாசிச்சுப்போடுவார். பாஸ்கு அண்டைக்கு வழக்கம்போலை பூசை முடிய போன் எடு. அதையும் அவர்தான் எடுப்பார். மாடு பட்டியிலை பிறந்ததெண்டால், "மாமியைக் கூப்பிடுங்கோ" எண்டு சொல்லு. நான் குசினிக்குள்ளைதான் நிப்பன், ஓடிவருவன்.

வாங்கினதெண்டால் என்னைக் கேளாதை. மாமாவோடையே கொஞ்சநேரம் கூடக் கதை, ராசா. நல்லாய்ச் சிரிக்கப் பண்ணிப்போட்டுப் போனை வை.

உன்னையும் ஜூலியையும் வாயில்லாச் சீவன்களையும் அந்தோனியார் காக்கவேணுமெண்டு மன்றாடும்,

உன்ரை மாமி
மரியநாயகி