என் பெயரில் இருந்த உன் சீனி

அம்மருட், ஒஸ்லோ
14.09.2008

அன்பின் மகேந்திரராசாவுக்கு,

நானும் வீட்டாரும் சுகம். நீயும் இந்திராவும், சோபிகா குடும்பமும், முக்கியமாகப் பேரனும் சுகமாயிருக்க வேண்டும். தொலைபேசி இருக்கக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று யோசிப்பாய். தொலைபேசியில் உன்னை எனக்குத் தெரியும். உன் கால் புண்ணைப் பற்றிக் கேட்டால் ரொறன்ரோ வெயிலைப் பற்றிச் சொல்வாய். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் வெயில்தான்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சனிக்கிழமைச் சீட்டாட்டம் வழக்கம்போல் பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கிறது. நீ ரொறன்ரோவுக்குப் போன பிறகு உன் கதிரையில் அல்பிரட் இருக்கிறான். துரும்பைக் கவிழ்த்து வைக்கும்போதே அவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவனோடு சோடி சேர்ந்து நான் தோற்காத கிழமை இல்லை. தோற்ற சோடி காட்டுப் பாதையில் ஒரு சுற்றுக் கூட நடக்கவேண்டும் என்ற சட்டமும் அப்படியே இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நீ. எல்லோரையும் நடக்கவிட்டு நீ ஒரு நாளும் தோற்றதில்லை.

அந்த ஆட்டத்துக்குள் சீனிச் சோதனை எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? முதலில் தாதி மாரித் நீரிழிவுத் தடுப்பு வகுப்பைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தாள். பெண்கள் முப்பது பேர் வந்தார்கள். ஆண்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் மனைவியின் பையைத் தூக்க வந்தவர். உங்கள் ஆண்களுக்கு உயிரில் ஆசை இல்லையா என்று என்னைக் கேட்டாள். அந்த நேரம் எங்கள் ஆட்கள் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் நிற்பார்கள், நோய், வருத்தம் என்று பெயர் போட்ட இடத்துக்கு வரவும் மாட்டார்கள், சீட்டு நடக்கும் இடத்துக்கு நீ வா என்றேன். வந்தாள். நாங்கள் முந்நூற்றி நாலு என்ற சீட்டு விளையாடும் மேசைக்குப் பக்கத்திலேயே நிறுவை இயந்திரத்தையும் விரலில் குத்தும் ஊசியையும் வைத்தாள். ஒருவர் குத்த, மற்றவர்கள் தங்கள் இலக்கம் என்னவென்று போட்டிக்கு வந்தார்கள். வெள்ளைக்காரிக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை!

நம் பெயர்களை எழுத முடியாமல் அவள் பட்டியலை என் கையில் தந்துவிட்டாள். அவள் இலக்கத்தைச் சொல்ல, நான் எழுதவேண்டும். பதினொன்றைத் தாண்டினால் சீனி வருத்தம்தான் என்று முதலே சொல்லியிருந்தாள். உனக்குப் பதின்மூன்று புள்ளி எட்டு. இவர் திங்களே வைத்தியரிடம் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் விரலைப் பிடித்தாள். நீ என்னை நடையோரம் இழுத்துக்கொண்டு போனாய். மச்சான், பொடிச்சியின்ரை கலியாணப் பேச்சு முடியிற நேரம், தகப்பனுக்கு வருத்தமெண்டு தெரிஞ்சால் அவையள் விட்டிட்டுப் போயிடுவினம், என்ரை பேரைப் போடாதை என்றாய். உன் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உன் பதின்மூன்று புள்ளி எட்டை என் பெயருக்கு நேரே எழுதினேன். என் ஐந்து புள்ளி இரண்டை உனக்குப் போட்டேன். கலியாணம் முடிஞ்ச அடுத்த கிழமை நானே டொக்டரிட்டைப் போவன் என்றாய். நம்பினேன். நம்பினது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அதன் பிறகு நடந்த கூத்தை நீ பக்கத்தில் இருந்து சிரித்தாய். மாரித் என்னைத் துரத்தித் துரத்திக் கேட்டாள். நடக்கிறேன், சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று மூன்று மாதம் கடத்தினேன். கடைசியில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது, இருக்காதா? அவளுக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்து நானும் தலையாட்டினேன். ட்வெய்ட்டா மண்டபத்தில் எண்பது ஆண்களுக்கு முன்னால் என்னை நிறுத்தி, சீனியைக் குறைத்த கதையைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன் மச்சான். கைதட்டினார்கள். அல்பிரட் அதைக் கேட்டுத்தான் சோற்றைப் பாதியாக்கி ஒன்பது கிலோ குறைந்தான். என்னைக் காணும்போதெல்லாம் நன்றி சொல்கிறான். எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிகிறது. இல்லாத வருத்தத்தை மாற்றின கதையால் ஊரெல்லாம் திருந்தியது. வருத்தம் உள்ள நீ முன்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டாய்.

சோபிகாவின் கலியாணம் முடிந்து மூன்று வருடமாகிறது. நீ வைத்தியரிடம் போகவில்லை. மறைத்துக் கட்டிக் கொடுத்தவர்கள் என்று சம்பந்தி வீட்டார் சொல்லுவார்கள் என்றாய். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் என் குட்டும் வெளிப்படும் என்ற பயம் எனக்கு. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் பெயரைத்தான் காப்பாற்றினேன்.

உன் இடது காலில் சப்பாத்துக் கடித்த புண் ஆறு கிழமையாக ஆறவில்லை, ஆனால் நோவில்லையாம் என்று போன மாதம் இந்திரா சொன்னார். கடைசியில் வியாழக்கிழமை மாரித்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த மனிதர் எங்கே, அவருடைய காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நோவில்லாத புண்தான் மோசமான புண், காலையே எடுக்கவேண்டி வரும், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் இருந்தபடி அழுதேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று இந்திராவோடு கதைத்தேன். இவருக்கு இப்ப எழுத்து மங்கலாத் தெரியுது, வாற கடிதமெல்லாம் சோபிதான் வாசிச்சுக் காட்டுறவள் என்றார். அவரிடம் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை; அதைக் கேட்ட பிறகுதான், விரைவு அஞ்சலில் போடலாம் என்று, இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குச் செய்த துரோகம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள் மச்சான்.

சோபிகா, பிள்ளை, இதை வாசிக்கும் உன் குரல் எந்த இடத்தில் நின்றதோ எனக்குத் தெரியாது. அப்பாவைக் கோபிக்காதே. அவர் தனக்காகப் பயப்படவில்லை. ஏசுவதென்றால் என்னை ஏசு, அந்தப் பேனாவைப் பிடித்தவன் நான். இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு அப்பாவின் இடது காலுறையைக் கழற்றிப் பார். அவர் வெயிலைப் பற்றிக் கதைப்பார், கேளாதே. இன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போ. நான்கு வருடத்துக்கு முன்பே பதின்மூன்று புள்ளி எட்டு என்று சொல்லு.

அவர் இரண்டு காலாலும் நடந்து ஒஸ்லோவில் வந்து இறங்கவேண்டும் என்று அம்மருட் முருகனைக் கும்பிடும்,

உன் மாமா
சோதிலிங்கம்