நான் நிற்கவேயில்லை

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மா நலம், வீடு நலம், என் இடது கால் ரொம்ப நலம். வலது காலைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நீயும் அந்த ஹோட்டல் ரிசப்ஷன் வேலைக்கு நடுவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஹலோ சொல்வதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் நான் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி என்னைப் பற்றியே பேசுகிறீர்கள். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது பார். அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுமையாகப் படி.

வலது கால் சுண்டுவிரலை எடுத்தபோது பெரிய டாக்டர் என்ன சொன்னார், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் புண் தானாக மூடிக்கொள்ளும் என்றார். வைத்தேனா இல்லையா நீயே சொல். அம்மா போடுகிற சோறு தட்டில் எங்கேயோ ஒரு ஓரத்தில் ஒளிந்துகொண்டிருக்கும், தேடிப் பிடித்துத் தின்ன வேண்டும், தின்றேன். டீயில் சர்க்கரை கிடையாது, பிஸ்கட் கிடையாது, ஊசி ஒரு வேளை தவறியது கிடையாது. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் ஒழுக்கமான பிள்ளைக்கு வருகிற எண்தான் வருகிறது. புண் மட்டும் திறந்த வாயை மூடவே இல்லை, உன் அத்தை மாதிரி. உடனே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மிஷின் பொய் சொல்லுது என்று தன் விரலையே குத்திப் பார்த்தாள், அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூட வந்தது, அன்று பூராவும் பேச்சே இல்லை, அந்த ஒரு நாள்தான் வீடு அமைதியாக இருந்தது. மறுநாளிலிருந்து மறுபடி சோதனை. சட்டைப்பை, சலூன் மேசை இழுப்பறை, துண்டு மடித்து வைக்கிற அலமாரி, எல்லாவற்றையும் துழாவினாள். முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள் என்றால் நம்புவாயா. சரி அவள்தான் அப்படி என்றால், நீ அங்கிருந்து போனில், அப்பா பொய் சொல்லாதீங்க, ஸ்வீட்டு யாரு வாங்கிக் குடுக்குறாங்கன்னு மட்டும் சொல்லுங்க என்று போலீஸ் மாதிரிக் கேட்கிறாய். இத்தனை வருஷமாக அடுத்தவன் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிறேன், ஒருத்தன்கூட என்னைச் சந்தேகப்பட்டதில்லை. பெற்ற மகள் சந்தேகப்பட்டாள்.

போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சர்க்கரையும் சரியா இருக்கு, ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு, அப்புறம் ஏன் ஆறல, கடையில காலை ஊனி நிக்கிறீங்களா என்று கேட்டார். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், நிற்கவேயில்லை ஐயா என்று. அது நிஜம்தான். காலை ஊன்றக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து நீ வாங்கி அனுப்பின சக்கரம் வைத்த ஸ்டூலில்தான் உட்கார்ந்து முடி வெட்டுகிறேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. புண் இப்படியே போய்க்கொண்டிருந்தால் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வரும் வழியெல்லாம் அம்மா ஆட்டோவில் அழுதாள், அழுதுகொண்டே நடுவில் நடுவில் என்ன தின்னீங்க என்று கேட்டாள். எனக்கு வந்த எரிச்சலில் ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. நான் ஆட்டோவில் வாயை மூடிக்கொண்டு வருவது என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இனிமேல்தான் விஷயம். ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போடுகிற தம்பி இருக்கிறானே, அவன் லீவு நாளில் முடி வெட்டிக்கொள்ள நம் கடைக்கு வந்தான். உட்கார வைத்துத் துணியைப் போர்த்தி வேலையை ஆரம்பித்தேன். நம் கடை நாற்காலி துருப்பிடித்து இறுகிப்போனது உனக்குத் தெரியும், அது திரும்பாது, நான்தான் தலையைச் சுற்றி வர வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தபடி காலால் ஒரு தள்ளு தள்ளினால் இந்தக் காதிலிருந்து பிடரிக்கு, இன்னொரு தள்ளில் அந்தக் காதுக்கு, வழுக்கிக்கொண்டு போவேன். எனக்கே அதில் ஒரு பெருமை. அவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அண்ணே, கத்தரியைக் கீழ வைங்க என்றான். காதை வெட்டிவிட்டேனோ என்று பதறிப்போனேன். அவன் கழுத்தில் துணியோடு, ஒரு பக்கம் வெட்டின தலையும் ஒரு பக்கம் புதருமாக இறங்கி, என் முன்னால் குத்தவைத்து, செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினான். ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுச் செருப்பு, வலதில் வெளி ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. அதற்கு நேர் மேலேதான் புண். கட்டு நனைந்து சிவந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அந்தக் கால்தான் மரத்துப்போய் ரொம்ப நாளாயிற்றே, வலித்தாலும் என்னிடம் சொல்லாது, அம்மாவுக்கு நேர் எதிர். நிக்கலன்னு சத்தியம் பண்ணீங்களே அண்ணே, இதுக்கு நீங்க நின்னிருந்தாலே தேவலாம், நின்னா கால் ஒரு இடத்துல கெடக்கும், இது ஒவ்வொரு தள்ளுக்கும் ஆறுற தோலை மறுபடி பிச்சு விடுது என்றான். கடையில் காத்திருந்த லாரிக்காரர், பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியார், எல்லோரும் எழுந்து வந்து என் செருப்பை எட்டிப் பார்த்தார்கள். மீதித் தலையை நம் கடையில் கூட வேலை செய்கிற கிருதா அண்ணன்தான் வெட்டினார், வழக்கம்போல ஒரு கிருதா மேலே, ஒன்று கீழே. பாவம் அந்தத் தம்பி, அதற்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் போனான்.

இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா. ஸ்டூலை வாங்கி அனுப்பினது நீ, கேட்டால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா நிற்கக் கூடாது என்று நினைத்து நீ அனுப்பினாய், அதில் என்ன தப்பு. தள்ளு என்று ஸ்டூல் சொல்லவில்லை, தள்ளினது நான். எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். இத்தனை நாளும் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், என்ன தின்கிறான், எங்கே ஒளிக்கிறான் என்று. கடையில் நான் எப்படி வேலை செய்கிறேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் குனிந்து பார்க்கவில்லை. அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அன்று ராத்திரி முட்டையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மிளகு தூவிக் கொடுத்தாள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன், வேறென்ன செய்ய.

இப்போது கடைக்குப் போகக் கூடாது. கால் தலையணை மேல், நான் மெத்தை மேல், கழிவறைக்குக்கூட வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தாவல். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள், ஒருத்தர் இலை அரைத்துக் கட்டு என்கிறார், ஒருத்தர் ஏதோ பொடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். எதையும் புண் பக்கம் அண்ட விடவில்லை, பயப்படாதே. மருந்தும் ஊசியும் சோறும் முன்பு போலவேதான். சும்மா கிடப்பதுதான் தாங்கவில்லை, கை கத்தரிக்கு அரிக்கிறது, அம்மாவின் முடியை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன், பார்த்த பார்வையில் திரும்பிப் படுத்துவிட்டேன். நீயும் வேலை முடிந்து வந்ததும் உள்ளங்காலை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துக்கொள், செருப்பு எங்கே தேய்கிறது என்று பார். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துச் சர்க்கரையும் பார்த்துக்கொள், என் மூக்கை வாங்கினவள் இதையும் வாங்கியிருப்பாய்.

நேற்றுக் கட்டு மாற்றும்போது புண் ஓரத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. நல்லதா என்று கேட்டேன், பெரியவர் பார்க்கட்டும் அண்ணே என்றான் அந்தத் தம்பி. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வார், பாதம் முழுசாக இருக்குமா பாதியா என்று. உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நல்ல பெயர் எடுத்து, நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும். உன் கால்கள் இரண்டும் உன்னை நினைத்த இடமெல்லாம் கொண்டுபோகட்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை டாக்டர் என்ன சொன்னாலும் நானே உனக்குப் போன் செய்வேன், அம்மாவை விடமாட்டேன். நீ எடுத்ததும் எப்போதும்போல, இன்னைக்குச் சுகர் எவ்வளவு என்று கேட்காதே. அப்பா, எப்படி இருக்கீங்கன்னு கேள். அப்புறம் எண்ணைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா