தலையணை மேல் வைத்த காசு

என் கண்ணான மகளுக்கு அப்பா சொல்லிக்கொண்டே வர, பக்கத்து வீட்டு ஊசி அத்தை எழுதிக்கொண்டே வருவது. இங்கே எனக்கு மூச்சு சீராக இருக்கிறது, முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, உன் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அதே போல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்தால் எனக்கு வரும் முதல் நினைப்பு. எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே, அத்தைக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அடுத்த மாதம் எடுக்கப் போகிறார்கள். போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். ஆபீஸ் வேலையா ரெண்டு மாசம் ஹோட்டல்லதான் இருக்கேன்ப்பா, இங்க ரூமை தினமும் கிளீன் பண்றதில்ல, நாலு நாளைக்கு ஒரு தடவைதான் ஆள் வருது, அப்ப டிப்ஸ் எவ்வளவு வைக்கிறது, கிளம்புற அன்னைக்கு மொத்தமா வச்சிட்டா போதுமா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுக்குத்தான். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமா இது, நீ உயிரோடு பிறந்த கதையே இந்தக் கேள்விக்குள்தானே இருக்கிறது. அத்தை இப்போதே நிமிர்ந்து பார்த்து அதெல்லாம் இப்ப எதுக்கு என்கிறாள். சொன்னதை எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த வருஷம் என்று நம்பர் சொல்ல எனக்கு வராது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் ஒரு முழம் கீழே இறங்கி லாரிகள் எல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருஷம். ரயில் நிலையத்துக் கடிகாரம் நின்று, அதைப் பார்த்தே வேலைக்குப் போன பாதி ஊர் லேட்டாகப் போனது அதே வருஷம். உன் அண்ணன் மூக்குக்குள் சட்டைப் பொத்தானைத் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அப்போதுதான். உன் அம்மா ஹோட்டலில் மூன்றாம் மாடி ரூம்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கீழே லாண்டரியில், நீ அவள் வயிற்றில். டாக்டரம்மா கை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கு, அறுத்துத்தான் எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க, வலி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹோட்டல் கொடுத்த கார்டு ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் கட்டில் கிடைக்கும், ஆபரேஷன் நடக்கும். கார்டு உன் அம்மாவுக்குத்தான், எனக்குக் கிடையாது, லாண்டரி காண்ட்ராக்டில் ஓடியது. அவளுக்கு வேலை இருந்தால்தான் கார்டு. அதனால்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தள்ளுவண்டியையும் தள்ளிக்கொண்டு, குறித்த நாளுக்கு முந்தின வாரம் வரை போய்க்கொண்டிருந்தாள்.

அந்த மாடியில் பாலத்தைச் சரிசெய்ய வந்த இன்ஜினியர் ஒருவர் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். எப்போதும் ஒரு பழைய தொப்பி போட்டிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் தொப்பிக்காரர். எனக்காக தினமும் கஷ்டப்பட வேணாம், நாலு நாளைக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும் என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நாலு நாள் சேர்ந்த ரூம் எப்படி இருக்கும் என்று அது வந்து விழுகிற லாண்டரியில் நின்ற எனக்குத் தெரியும். தூண் வேலை பார்க்கிற ஆள், துண்டெல்லாம் சேறு, விரிப்பின் கால் பக்கம் மணல், குளியலறைச் சல்லடையில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். தினமும் பார்க்கிற ரூம் ஒரு டீ ஆறுவதற்குள் முடியும், இதைப் பார்த்து முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். அவருக்கும் அது மனதில் உறுத்தியிருக்கிறது போல. ஆள் வராத நாளிலும் தினம் காலையில் கிளம்பும்போது மேசையில் தண்ணீர்க் கிளாஸுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போவார். இங்கேதான் கதை கோணியது. எங்கள் ஹோட்டலில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் அதை எழுதி ஒட்டவில்லை, ஒட்டியிருந்தாலும் எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. தலையணை மேல் இருந்தால் அது நமக்கு. மேசை மேல், நாற்காலி மேல், ஜன்னல் விளிம்பில் என்று வேறு எங்கே இருந்தாலும் அது தங்கியிருப்பவருடையது. தூசி துடைக்கத் தூக்கலாம், துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். எடுத்தால் திருட்டு. புதிதாக வருகிற பெண்ணுக்கு விரிப்பு மடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லுவார்கள். தொப்பிக்காரருக்கு இது எப்படித் தெரியும்.

உன் அம்மா போனாள், கிளாஸைத் தூக்கினாள், துடைத்தாள், நோட்டுகளை வைத்த வரிசை மாறாமல் வைத்துவிட்டு வந்தாள். அவர் வந்து பார்த்தார், காசு அப்படியே இருந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் வைத்தார். இவள் மறுபடி துடைத்து வைத்தாள். அவர் வைக்க, இவள் துடைக்க, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். கிளாஸ் நிற்க முடியாமல் சாய்கிற அளவுக்குக் குவிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம், அந்த மனுஷன் காசைக் குப்பை மாதிரி போட்டு வச்சிருக்காரு, ஜன்னல் துடைக்கிறவன் வர்றான், குழாய் பார்க்கிறவன் வர்றான், ஒரு நோட்டு குறைஞ்சாலும் என் தலைதான் உருளும் என்று புலம்பினாள். அந்தப் பயத்தில், அடுத்த முறை நான் தேய்த்து அனுப்பின அவர் சட்டைகளை அந்த ரூம் அலமாரியில் அடுக்கும்போது, அந்தக் குவியலையும் எடுத்து சட்டைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்து மூடிவிட்டாள். சொல்லி வைக்க அவளுக்கு எழுத வராது, தங்கியிருப்பவர்களிடம் நாங்கள் பேசவும் கூடாது. மறுநாள் காலையில் தொப்பிக்காரர் பார்க்கிறார், மேசை காலி. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆற்றங்கரை முகாமுக்கு மாதக் கடைசி வரை போகிறேன் என்று கிளம்பினவர், சாவியைக் கொடுக்கும்போது மேனேஜரிடம், ஒரு வழியா அந்தம்மா மேசையில இருந்த காசை எடுத்துக்கிட்டாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜரை நாங்கள் கோட்டு என்போம், வெயிலிலும் கழற்றமாட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். மேசையிலிருந்து எடுத்தாள் என்றதும் அவருக்கு அது திருட்டு என்றுதான் பட்டது. உன் அம்மாவைக் கூப்பிட்டு, எடுத்தியா என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் பொய் வராது, எடுத்தேன், அவரோட அலமாரியிலதான் வச்சேன் என்றிருக்கிறாள். அப்படியானால் போய்ப் பாருங்கள் என்றதற்கு, அவர் இல்லாத நேரத்துல அவர் அலமாரியைக் குடையச் சொல்றியா, அது இன்னொரு திருட்டு, அவரு வந்து சொல்ற வரைக்கும் நீ வேலைக்கு வர வேண்டாம், கார்டைக் கொடுத்துட்டுப் போ என்று வாங்கி வைத்துக்கொண்டார். அவர் வருவது மாதக் கடைசியில், டாக்டரம்மா குறித்த நாளோ அடுத்த வாரம். உன் அம்மா படி இறங்கவில்லை. மாடியிலேயே விரிப்பு தைக்கிற துணி அறைக்குப் போய் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அங்கே கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவள் யார் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். இந்த இடத்தில் அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என்னைப் பத்தி நானே எழுதிக்கவா, வேற ஆளைப் பாருங்க என்கிறாள். ஒரு டீ குடிக்க வைத்து மறுபடி உட்கார வைத்திருக்கிறேன். உன் அம்மா இருந்தவரை இவள் இதைச் சொல்லவிடவில்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி, லீவில் வந்தால் நீ துணியைக் கொடுத்துப் பட்டன் தைத்து வாங்குகிற அத்தை என்றுதான் உனக்குத் தெரியும்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா. நீ இங்கயே உக்காரு, யாராவது கேட்டா நூல் வாங்கப் போயிருக்கேன்னு சொல்லு என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தோளில் குத்தின ஊசியோடு பஸ் ஏறிவிட்டாள். வேலை நேரத்தில் வெளியே போனால் வேலை போகும், தங்கியிருப்பவரைத் தேடிப் போய்ப் பேசினால் கண்டிப்பாகப் போகும். அப்போது இவளுக்குப் படுத்த படுக்கையாக ஒரு மாமியார், கையில் காசு கொடுக்க வேறு ஆள் கிடையாது. ஆற்றங்கரையில் காவல்காரன் மறித்து, யாரும்மா நீ, இங்கெல்லாம் வரக்கூடாது என்றானாம். உன் பாலத்தை மடிச்சு எடுத்துட்டுப் போக வரலப்பா, அந்தத் தொப்பிக்காரரைக் கூப்பிடு என்றாளாம். அவரோ நடு ஆற்றில் மிதவை மேல் நின்றுகொண்டிருக்கிறார். இவள் கரையில் நின்று கையைக் குவித்துக்கொண்டு, ஐயா, மூணாம் மாடி ஐயா, உங்க காசு உங்க சட்டைக்கு அடியில இருக்கு என்று கத்தியிருக்கிறாள். ஆற்றில் இருந்த அத்தனை ஆட்களும் தங்கள் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்களாம், அவரும்தான். கரைக்கு வந்தவர், எந்தச் சட்டை, என் சட்டையெல்லாம்தான் உங்க லாண்டரில தொலைஞ்சு போச்சே என்றிருக்கிறார். பார், மாதக்கணக்கில் அந்த மனுஷன் அலமாரியைத் திறந்ததே இல்லை, பெட்டியிலிருந்த இரண்டு சட்டையையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எங்களைத் திட்டாமல் இருந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அதே சேற்றுக் காலோடு ஜீப்பில் இவளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மேனேஜரையும் உன் அம்மாவையும் ரூமுக்குக் கூப்பிட்டு, இவளும் பக்கத்தில் நிற்க, அலமாரியைத் திறந்தார். நான் தேய்த்த சட்டைகள், அடியில் காசு, வைத்த வரிசை மாறவில்லை. கோட்டு ஏதோ சட்டம் சொல்ல வாயெடுத்திருக்கிறார். அதற்குள் தொப்பிக்காரர் உன் அம்மாவைப் பார்த்து, எங்க வச்சா எடுத்துப்பீங்கம்மா என்று கேட்க, தலையணை மேல வைங்கய்யா என்றாளாம். அவர் அந்தக் குவியலை அப்படியே எடுத்துத் தலையணை மேல் வைத்துவிட்டு, மேனேஜரிடம் இப்ப இது யாரோடது என்றாராம். கோட்டு பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, சேறான கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாராம். நான் அப்போது பாய்லர் பக்கம் நின்றேன், இதெல்லாம் அவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். குறித்த நாளில் ஆபரேஷன் நடந்தது, நீ அழுதுகொண்டே வந்தாய், உன் அம்மா கண் விழித்துப் பார்த்தாள். அத்தைக்கு மட்டும் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். நூல் வாங்கப் போனியே, நூல் எங்க என்று கேட்டாராம் கோட்டு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கே தொப்பிக்காரர், நாலு நாளைக்கு ஒரு தடவைன்னா எவ்வளவும்மா வைக்கணும் என்று கேட்டாராம். உன் அம்மா சொன்னது, நாலு நாளும் நான் வரலைங்கய்யா, அதனால நாலு நாள் காசு வேணாம், ஆனா நாலு நாள் அழுக்கு ஒரு நாள் அழுக்கும் இல்லைங்க. தினமும் வந்தால் ஒரு டீயும் ரொட்டியும் வாங்குகிற காசு, நாலு நாளைக்கு ஒரு தடவை வந்தால் வயிறு நிறைய ஒரு சாப்பாட்டுக் காசு, இதுதான் அவள் கணக்கு. அந்த ஊரில் சாப்பாடு என்ன விலையோ அதை வை. அதற்கு மேல் உன் மனசு. கிளம்புகிற அன்றைக்கு மொத்தமாக வைக்காதே, இரண்டு மாதமும் குனிந்து துடைத்தவள் அன்று லீவில் இருப்பாள், வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். ஆள் வருகிற அன்றன்றைக்கு வை. உன் சில்லறையோடு கலந்து மேசையில் போடாதே, தலையணை மேல் தனியாக வை. சீட்டு எழுதி வைத்தால் தப்பில்லை, ஆனால் வருகிறவளுக்கும் என்னைப் போல வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் ஹோட்டலில் வழக்கம் வேறாகவும் இருக்கலாம், அதனால் ஒரு நாள் அவள் வருகிற நேரத்தில் ரூமில் இரு, முகத்தைப் பார்த்து எங்க வச்சா எடுத்துப்பீங்க என்று கேட்டுவிடு. துண்டையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து வை, சல்லடையில் முடி இருந்தால் நீயே எடுத்துப் போடு, அவள் ஒரு தடவை குனிவது மிச்சம். வேளைக்குச் சாப்பிடு, ஏசிக் காற்று நேராகத் தலையில் படுகிற மாதிரி படுக்காதே. அண்ணன் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறான், கோணலாக இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.

நீயும் உன் வீடும் குறையில்லாமல் இருக்க வேண்டும், உன் கையால் வைக்கிறது எதுவும் யாருக்கு வைத்தாயோ அந்த ஆளுக்கே போய்ச் சேர வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னோடு பேசிவிட்டு வைத்துவிடாதே, அத்தையைக் கூப்பிடச் சொல்லு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, நூல் கிடைத்ததா என்று கேள், அவளுக்குப் புரியும். தொப்பிக்காரர் அந்தப் பாலத்தைத் தூக்கி நிறுத்தினார், லாரி இன்னும் அதன் மேல்தான் போகிறது, அவர் போய்ப் பல வருஷமாகிறது. கோட்டும் போய்விட்டார், கடைசி வரை எங்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். உன் அம்மா போனது உனக்குத் தெரியும். அந்த ரூமில் அன்று நீயும் இருந்தாய், ஆனால் நீ நிற்கவில்லை, குறுக்கே படுத்திருந்தாய். நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒருத்திதான். கீழே என் கைநாட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன், மாட்டேன் என்று தலையாட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா (கைநாட்டு)
எழுதினவள் ஊசி அத்தை