பாத்திரத் துணிக்கு நடந்த தேர்தல்

என் செல்லக்குட்டிக்கு,

இங்கே நான், அப்பா, அத்தை மூவரும் சுகம், தையல் மெஷின்கூட இந்த வாரம் மக்கர் பண்ணாமல் ஓடுகிறது, அதேபோல் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, தாமதத்துக்கு வேலையைச் சாக்குச் சொல்லமாட்டேன், பயந்துகொண்டுதான் எழுதவில்லை. பெண்கள் ஊர்வலம் போகும் படத்தை அனுப்பிவிட்டு, இது தேறலைன்னா இனிமே பென்சிலையே தொடமாட்டேன்னு கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். நாற்பதுகூட ஆகவில்லை எனக்கு, உன்னால் பாதித் தலை நரைத்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் படம் தோற்றுவிட்டது. எதையும் தூக்கிப் போடாதே, முதலில் கடிதத்தை முழுக்கப் படி.

பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய வரலாற்றை மியூசியத்தில் கண்காட்சியாக வைக்கிறார்கள், அங்கே விற்க நம் பட்டறையில் பாத்திரம் துடைக்கும் துணியும் சமைக்கும்போது முன்னால் கட்டிக்கொள்ளும் ஏப்ரனும் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே படம் போதும் என்று மியூசியக் கடை மேனேஜரம்மா சொல்லிவிட்டார் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், கல்லூரியில் வரலாறு படித்தவள் ஆயிற்றே, வேலைக்கு நடுவே எல்லோரையும் உட்காரவைத்து நான் பாடமே நடத்திவிட்டேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பெண்கள் தாங்களே கொடி தைத்து ஊர்வலம் போனது, சிறைக்குள் உட்கார்ந்து கைக்குட்டையில் பெயரை ஊசியால் தைத்தது, இவள் ஓட்டுப் போடப் போனால் வீட்டில் புருஷன்தான் பாத்திரம் கழுவணும் என்று கேலிப்படம் போட்டு அஞ்சலட்டை விற்றார்களே அது, எல்லாம் சொன்னேன். இதுல கேலி எங்கே இருக்கு அண்ணி, எங்க அண்ணன் தினமும் கழுவுறாரேன்னு அத்தை கேட்டாள் பார், இஸ்திரி மேஜையருகே நின்ற அப்பா தேய்த்த துணியையே திரும்பவும் தேய்த்தார்.

சுவரில் ஒட்டியிருந்த உன் படத்துக்குப் பக்கத்தில் பெயர் போடாமல் இன்னொரு படமும் வந்து சேர்ந்தது. இத்தனை வரலாறு பேசிவிட்டு நானே முடிவெடுத்தால் நன்றாக இருக்காதே, அதனால் ஓட்டுப் போடுவோம் என்றேன். உடனே அத்தை ஆம்பளைக்கு ஓட்டு கிடையாதுன்னு சட்டம் போட்டுவிட்டாள். அப்பா விடுவாரா, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, துணி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ‘இஸ்திரி போடுபவனுக்கும் ஓட்டு’ என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஓரம் மடித்துத் தைக்கும் இரட்டைச் சகோதரிகள் இருக்கிறார்களே, அவர்கள் வேறு, பொறுமையா இருங்க சார், எங்களுக்குக் கிடைக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஆறுதல் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் கசங்கிய துணி மலை மாதிரி குவிந்ததும், சரி பாவம் என்று கை தூக்கி அவருக்கும் ஓட்டுரிமை கொடுத்தோம். தேயிலை டப்பா மூடியில் கீறல் போட்டுப் பெட்டியாக்கினோம், துணி ரேக்குக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் ஒன்று அல்லது இரண்டு என்று எழுதிப் போட வேண்டும், உன் படம் ஒன்று, மற்றது இரண்டு. இரட்டையர் வழக்கம்போல ஒன்றாக உள்ளே போகப் பார்த்தார்கள், அத்தை பிடித்து இழுத்துப் பிரித்தாள். அப்பா உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை, என்னண்ணா பரீட்சையா எழுதுறீங்கன்னு அத்தை அதட்டியபிறகுதான் வந்தார்.

மொத்தம் ஆறு ஓட்டு, ஐந்து இரண்டாவது படத்துக்கு, ஒன்று உனக்கு. அந்த இரண்டாவது படத்தை வரைந்தது நம் தையல் அக்கா என்பது எண்ணி முடித்தபிறகுதான் எங்களுக்கே தெரியும், அளவு வெட்டும் பழுப்புத் தாளின் பின்பக்கம் வரைந்து யாருக்கும் சொல்லாமல் ஒட்டியிருக்கிறாள். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சமையலறை, அடுப்பு அணைந்திருக்கிறது, பாத்திரம் மூடியிருக்கிறது, ஆணியில் ஏப்ரன் தொங்குகிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. எப்படித் தோன்றிற்று என்று கேட்டதற்கு, நீங்க சொன்ன அந்தக் கேலி அட்டைதான் மேடம், நான் முதல் தடவை ஓட்டுப் போடப் போனப்ப வீட்டை அப்படியே போட்டுட்டுத்தான் போனேன், திரும்பி வந்து பார்த்தா வீடு அங்கேயேதான் இருந்துச்சுன்னு சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டாள்.

இப்போது உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், உனக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு என்னுடையதில்லை. கோபப்படாதே. பாத்திரத் துணியை நாம் மூன்றாக மடித்துத்தானே கம்பியில் போடுவோம், ஓட்டுக்கு முன்னால் மாதிரிக்கு ஒன்று அச்சடித்து மடித்துப் பார்த்தேன், நீ பார்த்துப் பார்த்து வரைந்த முகங்கள் எல்லாம் மடிப்புக்குள் போய், வெளியே வெறும் காலும் செருப்பும்தான் தெரிந்தன. சமையலறையே இல்லாத ஹாஸ்டலில் உட்கார்ந்து வரைந்தவளுக்கு அது எப்படித் தெரியும், தவறு அளவில்தான், கையில் இல்லை. அப்பாவும் தான் இல்லை என்று சத்தியம் செய்கிறார். இரண்டு நாள் கழித்துத் தையல் அக்காவே வந்து சொன்னாள், அது அவள் ஓட்டாம்! உன் படத்துக்கே நீ ஓட்டுப் போடவில்லையா என்றேன். அந்தக் கால்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியலை மேடம், என் சமையலறையில இருந்து கிளம்பினவ எங்கேயாவது போய்ச் சேரணும்ல, அந்தப் பொண்ணு வரைஞ்ச ஊர்வலத்துலதான் போய்ச் சேர்ந்திருப்பான்னு சொல்கிறாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றே மேனேஜரம்மாவிடம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன், துணிக்குச் சமையலறை, ஏப்ரனுக்கு மேலே சமையலறை, கீழ் ஓரம் முழுக்க நடக்கும் கால்கள், அவருக்கு அப்படிப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே வேலை உன்னிடம் வந்திருக்கிறது. ஏப்ரன் ஓரம் மூன்று சாண் நீளம், நான்கு விரல் உயரம், அதற்குள் கால்கள் மட்டும், புதிதாக வரைந்து பத்தாம் தேதிக்குள் அனுப்பு. ஒருத்தியின் செருப்பு வார் மட்டும் அறுந்திருக்கட்டும், அவ்வளவு தூரம் நடந்தா அறாதான்னு அக்கா கேட்கச் சொன்னாள். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரை, எண்ணெய் தேய்த்துக் குளி, தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உனக்கு ஓட்டுப் போடாத அம்மா