மேஸ்திரியிடம் என் பெயரில் சொன்னது

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். கல்லு மாதிரி இருப்பவன் ஒரே கேள்வியைக் காலையில் மூன்று தடவை கேட்பானா? உன் மனைவி போனில் அழுதாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, திங்கட்கிழமை மறுபடி ஏறப் போகிறாயாம். இந்த வாரம் முழுக்க நீ என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இன்னொன்று. ஓய்வெடு என்று டாக்டர் எழுதிய சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் "எங்கக்கா மூளை ஆராய்ச்சி பண்றவ, அவளே ஏறலாம்னு சொல்லிட்டா" என்று அளந்திருக்கிறாய். நான் எப்போதடா சொன்னேன்?

நான் டாக்டர் இல்லை. மூளை ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ப்பவள். ரப்பர் போன்ற ஒரு படலத்தின் மேல் அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு வளரும். அந்தப் படலத்தை இயந்திரம் வெடுக்கென்று இழுக்கும். தலையில் அடிபட்டால் அவற்றுக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மறுநாள் பார்த்தால் செல்கள் உயிரோடுதான் இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. சாயத்தை ஊற்றினால்தான் பிடி தளர்ந்தது தெரியும். கண்ட இடத்தில் எல்லாம் ஒழுகும். தலைக்குள்ளே அப்படி ஒழுகினால் மூளை வீங்கும். பிடி மறுபடி இறுகுவதற்குள் இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"சரி, எத்தனை நாள்னு கரெக்டா சொல்லு" என்று போன வாரம் மடக்கினாய். என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், ஒரு தட்டு போல இன்னொரு தட்டு இருப்பதில்லை. சொந்தத் தம்பிக்கு ஒரு தேதி சொல்லத் துப்பில்லாத படிப்பு என்ன படிப்பு என்று எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அதற்காக, தெரியாது என்றால் ஏறலாம் என்று அர்த்தமா?

இன்று காலை மேஸ்திரிக்கு நானே போன் செய்தேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதித் தரும்வரை உன்னைச் சாரத்தின் பக்கமே விடமாட்டாராம். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று குதிப்பாய். குதி, தரையில் நின்று குதி.

இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று நீ சொன்னாலும் சரி. என்னைத் திட்டிக்கொண்டே நூறு வயது இரு.

உன் அக்கா